எண்ணூர் மணலிலிருந்து பனிமலை வரை: உயரத்துக்கு ஏற்பச் செடிகள் பூத்து விதைப்பதைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வடசென்னையில் இருந்துகொண்டு மலைச்செடியைப் படிப்பதா என்று யோசிக்க வேண்டாம். உயரம் என்று எதைச் சொன்னாலும் கடல் மட்டத்திலிருந்துதான் அளக்கிறார்கள். அந்தப் பூஜ்யம் காசிமேட்டுக்காரருக்கும் திருவொற்றியூர்க்காரருக்கும் தெருமுனையிலேயே இருக்கிறது. சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் மாறினால், மறுநாளே 2,200 மீட்டர் உயரத்தில் இறங்கிவிடலாம்.

மேல்நிலை வகுப்பில் உயிரியல் படிக்கிறவர்கள், கல்லூரியில் தாவரவியல் சேர்ந்தவர்கள், மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்யக்கூடிய மாதிரிதான் இதை எழுதுகிறேன். ஒரு நோட்டு, செல்போன் கேமரா, பழைய கொசுவலைத் துணி, மெல்லிய தூரிகை, மூன்று நிற நூல் போதும். நுண்ணோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

முதல் படி: உயரம் என்னவெல்லாம் மாற்றுகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சென்னையின் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி. ஊட்டியின் சராசரி 14 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய சரியாக வரும். காற்றழுத்தம் ஊட்டியில் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், 5,500 மீட்டரில் பாதி. புற ஊதாக் கதிர் கூடுகிறது. காற்றும் பனியும் இடத்துக்கு இடம் மாறும்.

செடியின் கண்ணோட்டத்தில் இது எல்லாமே இரண்டு தட்டுப்பாடாக வந்து நிற்கிறது. ஒன்று, நேரம். பனி உருகி மறுபடி விழுவதற்குள் மொட்டு, பூ, காய், விதை எல்லாம் முடிய வேண்டும். இமயத்தின் உயரமான சரிவுகளில் இதற்குக் கிடைப்பது இரண்டு மூன்று மாதம். இரண்டாவது, விருந்தாளி. குளிரிலும் காற்றிலும் பறக்கக்கூடிய பூச்சி குறைவு. மலைச்செடியின் எந்த விநோதத்தைப் பார்த்தாலும், இது நேரத்தை மிச்சப்படுத்தவா, வராத பூச்சிக்கு மாற்று ஏற்பாடா என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் நுழைய இதைவிட நல்ல கேள்வி இல்லை.

ஆல்பைன் என்ற சொல்லை மலைப்பிரதேசத்துச் செடி எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். மரம் வளர முடியாத உயரத்துக்கு மேலே வாழ்பவைதான் ஆல்பைன் செடிகள். இமயத்தில் அந்த எல்லை பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேல்தான் வரும். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த வகையில் சேராது. ஆனால் அவை நடுவில் ஒரு நல்ல படிக்கட்டு.

இரண்டாம் படி: பூஜ்யத்தில் தொடங்குங்கள்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய கரையில் கருங்கல் கொட்டிய இடங்களைத் தவிர்த்து, மணல் மிச்சமிருக்கும் திட்டுகளைத் தேடுங்கள். அடம்பங்கொடி படர்ந்திருக்கும். ஐந்திணையில் நெய்தலுக்கு அடும்பு, மலைக்குக் குறிஞ்சி என்று உயரத்தைச் செடியை வைத்தே அடையாளம் சொன்ன மரபு நம்முடையது. அதனால் இந்தக் கொடியில் தொடங்குவது பொருத்தம்தான்.

விடியும் நேரத்தில் போக வேண்டும். இலை ஆட்டுக்குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். பூ, புனல் வடிவில் இளஞ்சிவப்பு கலந்த ஊதா. தொண்டையில் நிறம் இன்னும் அடர்த்தி. உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளை மகரந்தத்தாள்களும் நடுவில் உருண்டையான சூல்முடியும் தெரியும். கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய தச்சத்தேனீ தலையை விட்டு, முதுகெல்லாம் வெள்ளைத்தூள் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். மதியம் தாண்டிப் போனால் அதே பூ சுருண்டு, கசங்கிய காகிதம் போலக் கிடக்கும். அரைநாள்தான் அதன் ஆயுள்.

அந்த அரைநாள் அடம்புக்குப் போதும். வருஷம் முழுக்க வெயில், பூச்சிக்குப் பஞ்சமில்லை, இன்று தவறினால் நாளை இன்னொரு பூ. காயைப் பிளந்தால் ரோமம் போர்த்திய கடினமான விதைகள். அவை கடலில் மிதந்து வேறு கரைக்குப் போகும். அந்தக் கொடி சிக்கனமே பார்ப்பதில்லை. மேலே போகப்போக எதெல்லாம் மாறுகிறது என்று ஒப்பிட இந்தப் பக்கத்தை நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள்: பூ திறந்த மணி, வாடிய மணி, கால் மணி நேரத்தில் வந்த பூச்சிகள், அவை தேனீயா, ஈயா, வண்ணத்துப்பூச்சியா.

மூன்றாம் படி: மாடியில் மூன்று நூல் சோதனை

மலையில் எந்த ஆய்வாளரும் செய்கிற அடிப்படைச் சோதனை இதுதான். மிளகாய்ச் செடியில் செய்து பழகுங்கள்.

நாளை திறக்கப்போகும் மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு நூல் கட்டியவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். பச்சை நூல் கட்டியவற்றைக் கொசுவலைத் துணிப் பையால் மூடிவிடுங்கள். பூச்சி உள்ளே வரக்கூடாது. நீல நூல் கட்டியவற்றுக்கு, பூ திறந்ததும் வேறொரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் எடுத்துச் சூல்முடியில் தடவுங்கள். ஒவ்வொரு நிறத்திலும் இருபது பூவாவது இருக்கட்டும். பாலிதீன் கவர் வேண்டாம், நம்ம ஊர் வெயிலில் உள்ளே வெந்துவிடும். இதழ் உதிர்ந்ததும் பையைக் கழற்றிவிடலாம். பிறகு காயை எண்ணுங்கள், காய்க்குள் விதையையும் எண்ணுங்கள்.

முடிவைப் படிப்பது எளிது. நீலத்தைவிடச் சிவப்பில் விதை குறைந்தால், அந்த இடத்தில் மகரந்தம் கொண்டுவர ஆள் போதவில்லை. பச்சையிலும் நீலத்துக்குச் சமமாக வந்தால், அந்தச் செடிக்கு யார் தயவும் தேவையில்லை, தன் மகரந்தச் சேர்க்கையே போதும். மிளகாயில் மூடிய பூவும் காய்ப்பதைப் பார்ப்பீர்கள். இதையே பீர்க்கங்கொடியில் செய்யுங்கள். ஆண்பூ தனி, பெண்பூ தனி. அதுவும் மாலையில் மலர்கிறது. மூடிய பெண்பூ காய்க்காமல் உதிர்ந்துவிடும். ஒரே மாடியில் இரண்டு எதிரெதிர் பழக்கம்.

சோதனையைத் தை, மாசியில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் மிளகாயும் தக்காளியும் சூட்டில் பூவை உதிர்க்கும், மகரந்தமும் கெட்டுப்போகும். அப்போது வரும் எண்ணிக்கை பூச்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. மலை உச்சியில் குளிர் செய்கிற வேலையை இங்கே வெயில் செய்கிறது.

நான்காம் படி: பூவின் ஆயுளை அளந்து பாருங்கள்

காலையில் மலர்ந்த செம்பருத்தி இரண்டு பறியுங்கள். ஒன்று மேசையில், ஒன்று ஃப்ரிட்ஜில். மேசைப் பூ அன்றே சுருண்டுவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தது பெரும்பாலும் மறுநாளும் விரிந்தே இருக்கும். பாரிமுனைப் பக்கம் பூக்கடையில் மல்லி விற்கும் அக்காவிடம் கேட்டால் பாடப்புத்தகம் இல்லாமலே சொல்லிவிடுவார்: "ஐஸ் இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள மொட்டெல்லாம் விரிஞ்சிடும் தம்பி, அப்புறம் யாரு வாங்குவாங்க?" குளிரில் செடியின் சுவாசம் மெதுவாகும், மூப்பும் மெதுவாகும்.

மலைச்செடிகள் இந்த மெதுவை லாபமாக்கிக்கொள்கின்றன. கொலராடோவில் கேம்பனுலா ரோட்டண்டிஃபோலியா என்ற நீல மணிப்பூச் செடியை மலையடியிலும் உச்சியிலும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 1998-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. உச்சியில் பூச்சி வருகை குறைவு. ஆனால் சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் காலம் அங்கே நீண்டிருந்ததால், கடைசியில் வந்து சேர்ந்த மகரந்தத்தில் குறைவில்லை. அடம்பு அரைநாளில் மூடும் கடையை இவை நாள்கணக்கில் திறந்து வைத்திருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. 'உயரம் கூடினால் செடிகள் தன் மகரந்தச் சேர்க்கைக்கு மாறிவிடும்' என்று ஒற்றை வரியில் எழுதியிருப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். படிக்க வசதியாக இருக்கிறது, ஆனால் பாதி உண்மை. மாறியவை உண்டு. மாறாமல் பூவின் ஆயுளை நீட்டியே சமாளித்தவையும் நிறைய உண்டு. இரண்டையும் கையில் வைத்திருந்து, முதலில் பூச்சிக்குக் காத்திருந்து, கடைசி நேரத்தில் தன் மகரந்தத்தையே தொட்டுக்கொள்ளும் பூக்களும் உண்டு. ஒரு செடியில் எது நடக்கிறது என்று மூன்று நூல் கட்டினால்தான் தெரியும்.

ஐந்தாம் படி: ஒரே செடியைப் பிடித்துக்கொண்டு மலையேறுங்கள்

வேறு வேறு செடிகளை ஒப்பிட்டால் வித்தியாசம் உயரத்தால் வந்ததா, இனத்தால் வந்ததா என்று குழம்பும். அதனால் கீழேயும் மேலேயும் இருக்கிற ஒன்றைப் பிடியுங்கள். என் தேர்வு புளியாரை. பெரம்பூரில் எந்தத் தொட்டியின் ஓரத்திலும் களையாக முளைத்திருக்கும்: மூன்று இதய வடிவச் சிற்றிலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ, மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும் சின்னக் காய். முற்றிய காயைத் தொட்டால் விதை தெறித்து முகத்தில் அடிக்கும். இதே செடி ஊட்டியின் புல்தரையிலும் கிடைக்கும்.

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,700-க்கு மேல், ஊட்டி 2,200, தொட்டபெட்டா 2,637. 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போட்ட மலை ரயில், நமக்கு அளவுகோல் மாதிரி உதவுகிறது. ரயில் ஜன்னலில் எதையும் அளக்க முடியாது. குன்னூர் சிம்ஸ் பூங்கா ஓரம், ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு வெளியே, தொட்டபெட்டா சாலையோரம் என்று இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பத்துச் செடி போதும். பூ எத்தனை மணிக்குத் திறக்கிறது, மேகம் மூடினால் மூடுகிறதா, கால் மணி நேரத்தில் யார் வந்தார், ஒரு காயில் எத்தனை விதை, செடியின் உயரம் என்ன. புளியாரைப் பூ வெயில் இருந்தால்தான் விரியும். குன்னூரில் மூடுபனி இறங்கிய காலையில் பத்து மணியானாலும் குவிந்தே நிற்பதைப் பார்க்கலாம். அந்த நேரம் முழுக்க அதற்கு விருந்தாளி இல்லை என்று பொருள்.

வழியில் சாலைச் சரிவெல்லாம் வெள்ளைக் கொத்துப் பூவோடு ஒரு களை நிற்கும். மெக்சிகோவிலிருந்து வந்த அஜெரட்டினா அடினோஃபோரா. இது விருந்தாளிப் பிரச்சினையை அடியோடு தீர்த்துக்கொண்ட செடி. மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டது. மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் தாயின் அச்சாக விதை வைக்கிறது. அந்த விதை காற்றில் பறக்கிறது. பார்க்க அழகுதான், நீலகிரிக்குப் பெரிய தலைவலி. ஷூவில் ஒட்டியதைத் தட்டிவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.

குறிஞ்சியைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, செத்துப்போகும். 2006, 2018 என்று பெரிய பூப்புகள், அடுத்தது 2030. ஆண்டுதோறும் 'குறிஞ்சி பூத்தது' என்று செய்தி வரும். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, குறிஞ்சி இனங்கள் பல, அவற்றின் கணக்கும் வேறு வேறு. எல்லாம் சேர்ந்து பூப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், விதை தின்னிகள் தின்றுதீர்க்க முடியாத அளவு ஒரே நேரத்தில் கொட்டுவது. இதைக் குளிருக்கான ஏற்பாடு என்று உங்கள் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்.

தொட்டபெட்டாவில் நீலகிரி ரோடோடெண்ட்ரான் மரத்தைப் பாருங்கள். காட்டுப்பூவரசு என்பார்கள். சிவப்புப் பூங்கொத்து. இமயத்திலும் இதன் உறவுகள் இருக்கின்றன, நடுவில் உள்ள சமவெளியில் கிடையாது. தென்னாட்டில் உயரம் என்பது கடல் நடுவில் தீவு மாதிரிதான். இந்தச் செடிக்குச் சூடு கூடினால் வடக்கே நகர்ந்து போக வழியில்லை.

வட அமெரிக்காவில் வசந்தகாலப் பூப்பு ஏறக்குறைய ஒவ்வொரு 120 மீட்டர் உயரத்துக்கும் நாலு நாள் தள்ளிப்போகும் என்று ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் நூறு ஆண்டுக்கு முன்பு ஒரு விதி சொன்னார். அதை நீலகிரியில் போட்டுப் பார்க்க வேண்டாம். இங்கே பனிக்காலம் முடிந்து வசந்தம் வருவதில்லை. பகலில் வெயில், இரவில் குளிர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்துப் புல்லில் உறைபனி, அவ்வளவுதான். பூப்பைத் தீர்மானிப்பதில் மழைக்குப் பங்கு அதிகம்.

சட்ட விஷயம் சுருக்கமாக. காப்புக்காட்டுக்குள் நுழையவும் செடி பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், சாலையோரத்திலும் பறிக்காமல் படம் எடுங்கள். சொந்த வண்டியில் போனால் 2024 முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள்.

ஆறாம் படி: மரம் நின்றுபோகும் எல்லைக்கு மேலே

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. நேரில் போகும் முன் படித்துக்கொள்ள வேண்டியது நிறைய. போனபின் பார்க்க நேரம் இருக்காது, மழையும் மூச்சு வாங்கலும் கவனத்தைத் தின்றுவிடும்.

முதலில் நேரத்தைச் சேமிக்கும் வித்தை. பிஸ்டார்ட்டா விவிபரா என்று ஒரு சாண் உயரச் செடி, இமயத்திலும் ஆல்ப்ஸிலும் ஆர்க்டிக்கிலும் இருக்கிறது. கொலராடோவில் இதை வெட்டிப் பார்த்தபோது, ஒரு பூங்கதிர் மண்ணுக்கடியில் உருவாகத் தொடங்கி வெளியே வந்து முதிர நாலு ஆண்டு எடுப்பது தெரிந்தது. அதாவது இந்த ஜூலையில் நாம் பார்க்கும் கதிர் நாலு கோடைக்கு முன்பே தொடங்கப்பட்டது. உள்ளே அடுத்தடுத்த ஆண்டுகளுக்கான மொட்டுகள் வயது வரிசையில் காத்திருக்கின்றன. பனி உருகியதும் செய்ய வேண்டியது நீட்டி விரிப்பது மட்டும். மலைச்செடி பலவற்றில் முந்தைய ஆண்டிலேயே மொட்டு தயாராகிவிடுகிறது. இது அந்தப் பழக்கத்தின் உச்சம். நாம் இந்த ஆண்டின் பூவைப் பார்த்து இந்த ஆண்டின் வானிலையைக் குறை சொன்னால் கணக்கு தப்பும்.

அதே கதிரைக் கிட்டத்தில் பாருங்கள். மேல் பாதியில் வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூக்கள். கீழ்ப் பாதியில் கருஞ்சிவப்பு மணிகள், கடுகைவிடச் சற்றுப் பெரியவை. அவை காயும் இல்லை விதையும் இல்லை, சிறுகுமிழ்கள். சிலவற்றில் தாயின் கதிரிலேயே பச்சை இலை எட்டிப் பார்க்கும். விழுந்தால் முளைத்துவிடும். பூக்கள் விதை வைப்பதோ அபூர்வம். உயரம் கூடக்கூடச் சிறுகுமிழ் பங்கு கூடி, பூவின் பங்கு குறைவதை ஆல்ப்ஸில் அளந்திருக்கிறார்கள். ஒரே தண்டில் இரண்டு வழியும் இருக்கின்றன, விகிதம் மட்டும் உயரத்தோடு நகர்கிறது. மலைப்புல்லான போவா அல்பைனாவின் ஒரு வகையும் கதிரில் விதைக்குப் பதில் குட்டிப் புல்லை வைக்கிறது.

அடுத்து சூடு. ட்ரையாஸ் ஆக்டோபெட்டலா போன்ற கிண்ணப் பூக்கள் சூரியனோடு திரும்பிக்கொண்டே இருக்கும். கிண்ணத்தின் நடுவில் சுற்றுக் காற்றைவிடச் சில டிகிரி சூடு. பூச்சி அங்கே வந்து குளிர் காய்கிறது. மகரந்தக் குழல் வேகமாக வளர்கிறது. சிக்கிம் பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் ரியம் நோபிலே என்ற மலை ரூபார்ப் இன்னும் ஒருபடி போகிறது. மற்ற செடி எல்லாம் தரையோடு ஒட்டியிருக்கும் இடத்தில் இது ஆள் உயரத்துக்கு நிற்கும். வெளிர்மஞ்சள் பூவடிச் செதில்கள் ஓடு வேய்ந்த மாதிரி தண்டு முழுவதும் மூடியிருக்க, பூக்கள் உள்ளே. செதில் வெளிச்சத்தை விடும், புற ஊதாவைத் தடுக்கும், மழை மகரந்தத்தைக் கழுவாமல் காக்கும். வெயில் நாளில் உள்ளே வெளியைவிடக் கதகதப்பு. அதற்கு மகரந்தம் சுமப்பது ஒரு குட்டி ஈ. அந்த ஈ உள்ளேயே முட்டையிட்டு, அதன் புழு விதையில் ஒரு பங்கைத் தின்கிறது. செடி அந்தக் கூலியைக் கொடுத்துவிடுகிறது. பல ஆண்டு இலையாக இருந்து சேமித்து, ஒரே முறை பூத்துச் சாகிறது.

உத்தராகண்டின் மாநில மலரான பிரம்ம கமலமும் இதே செதில்கூடார முறைதான். ராயபுரம், புரசைவாக்கம் மாடிகளில் ராத்திரி பூக்கும்போது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டி, கற்பூரம் ஏற்றி, ஸ்டேட்டஸ் போடுகிறோமே, அந்தப் பிரம்ம கமலம் வேறு: மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த கள்ளி வகை. அது ஒரே இரவில் விரிந்து விடியலில் தொங்கிவிடும். இரண்டின் படத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

விருந்தாளிகள் யார்? சிலியின் ஆண்டிஸில் மேரி கலின் அரோயோவின் குழு 1980-களில் காட்டியபடி, ஏற ஏற மொத்த வருகையும் குறைகிறது, ஆட்களும் மாறுகிறார்கள். தேனீ குறைந்து ஈக்களின் பங்கு கூடும். உச்சியில் தட்டு மாதிரி திறந்த வெள்ளை, மஞ்சள் பூக்கள் நிறைய இருப்பதற்கு இது ஒரு காரணம், ஈக்கு நீண்ட நாக்கு கிடையாது. விதிவிலக்கு பம்பிள் தேனீ. பறக்கும் தசையை நடுக்கி உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மற்ற தேனீ கிளம்பாத குளிரிலும் பறக்கும். சீன மலைகளில் பிடித்த பம்பிள் தேனீக்கள், 9,000 மீட்டர் உயரத்துக்குச் சமமாகக் காற்றைக் குறைத்த பெட்டிக்குள்ளும் பறந்தன என்று 2014-ல் எழுதினார்கள்.

கடைசியாக, அவசரமே படாத வழி. சைலீன் அகாலிஸ் என்ற மெத்தைச் செடி, பாசி படர்ந்த கல் மாதிரி உருண்டையாகக் கிடக்கும். முந்நூறு ஆண்டைத் தாண்டியவை உண்டு. அவ்வளவு வாழ்கிறவருக்கு ஓர் ஆண்டு விதை பொய்த்தால் என்ன? ஒரு நூற்றாண்டில் சில நல்ல கோடைகள் போதும்.

ஏழாம் படி: ஃப்ரிட்ஜில் ஒரு குளிர்காலம்

விதை கோடைக் கடைசியில் உதிர்ந்தவுடன் முளைத்தால் பனியில் சாகும். அதனால் குளிர்நாடுகளின் பல விதைகள் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே முளைக்கும். இதை மூலக்கடை வீட்டிலும் பார்க்கலாம். இமாசல ஆப்பிள் விதைகளைக் கழுவி, பாதியை ஈரத் துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. மீதியை அதே ஈரத்தோடு வெளியே வையுங்கள். இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும். வாரம் ஒருமுறை பூஞ்சை பிடித்ததா என்று பார்த்துத் துணியை மாற்றுங்கள். குளிர் கண்டவற்றில் வெள்ளை முளைவேர் நீட்டும். வெளியே இருந்தவை பெரும்பாலும் அசையாது, அல்லது அழுகும். ஆப்பிள் ஆல்பைன் செடி இல்லைதான். ஆனால் தூக்கத்தை எழுப்பும் முறை ஒன்றே.

எட்டாம் படி: பிறவிக் குணமா, இடத்துப் பழக்கமா?

மேலே இருக்கும் செடி குட்டையாக, சீக்கிரம் பூக்கிறது. குளிர் அதை அப்படி ஆக்கியதா, பிறப்பே அப்படியா? நோட்டு எவ்வளவு தடித்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதற்குப் பதில் வராது. கலிபோர்னியாவில் ஜென்ஸ் கிளாசென், டேவிட் கெக், வில்லியம் ஹீசி மூவரும் மூன்று தோட்டம் போட்டார்கள்: ஸ்டான்ஃபோர்டில் 30 மீட்டர், மாத்தரில் சுமார் 1,400, டிம்பர்லைனில் சுமார் 3,050. ஒரே செடியைத் துண்டாக்கி மூன்றிலும் நட்டார்கள். 1940-களில் வெளிவந்த முடிவு இன்றும் பாடம். உச்சிச் செடியைக் கீழே கொண்டுவந்தாலும் அது குட்டையாகவே இருந்தது. கடலோர வகை உச்சியின் குளிர்காலத்தைத் தாங்கவில்லை. இரண்டும் கலந்துதான் வேலை செய்கின்றன, ஆனால் பிறவிப் பங்கு சிறியதல்ல.

நாமும் சின்ன அளவில் செய்யலாம். ஊட்டியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் பெரம்பூர்ப் புளியாரை விதையைக் கொடுத்து அவர் வீட்டுத் தொட்டியில் விதைக்கச் சொல்லுங்கள். அவருடைய விதையை இங்கே விதையுங்கள். ஏற்கெனவே இரு ஊரிலும் பரவிய களை என்பதால் புதிதாக எதையும் கொண்டுபோய் விடுகிற ஆபத்து இல்லை. வேறு எந்தச் செடியிலும் இதைச் செய்யாதீர்கள். தொட்டி மண்ணும் அளவும் இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: சூடு ஏறும் மலையைப் படிக்கும்போது

ஐரோப்பாவின் 302 மலையுச்சிகளின் பழைய பதிவுகளை ஒப்பிட்டு 2018-ல் வந்த ஆய்வு, உச்சிகளில் செடியினங்களின் எண்ணிக்கை கூடிவருவதையும், அந்த வேகம் அண்மைக் காலத்தில் அதிகரித்ததையும் காட்டியது. கீழே உள்ளவை மேலே ஏறுகின்றன. உச்சியில் ஏற்கெனவே இருப்பவை எங்கே ஏறும்?

சூடு கூடினால் மலைச்செடிக்கு நேரம் கூடும், நல்லதுதானே என்று தோன்றும். கொலராடோவின் காத்திக் ஆய்வு நிலையத்தில் டேவிட் இனௌயே 1973-ல் தொடங்கிய பூப்புப் பதிவுகள் வேறு கதை சொல்கின்றன. பனி முன்கூட்டியே உருகுகிறது, செடி முன்கூட்டியே மொட்டு விடுகிறது. ஆனால் ஜூன் மாத உறைபனி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மொட்டு மாட்டிக்கொண்டு கருகிப்போகிறது. பனிப்போர்வை இருந்தவரை அது காவல். நேரத் தட்டுப்பாட்டுக்குச் செடி கண்டுபிடித்த வித்தை, முன்பே தயாராக வைத்த மொட்டு, இங்கே அதற்கே எதிராகத் திரும்புகிறது.

பயணத்தை எப்போது வைப்பது

நீலகிரிக்குப் புளியாரை எண்ணப் போவதானால் ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. ஜனவரியில் அதிகாலைப் புல்லில் உறைபனி படிந்திருக்கும். ஏப்ரலில் விடுதி கிடைப்பதுதான் பாடு. ஆப்பிள் விதையைக் கார்த்திகையில் ஃப்ரிட்ஜில் வைத்தால் மாசிக்குள் முடிவு தெரிந்துவிடும், மிளகாய்ச் சோதனையும் அதே நேரத்தில் ஓடும்.

உண்மையான ஆல்பைன் செடிக்கு, நம்மால் போகக்கூடியதில் நல்ல இடம் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கு. வழக்கமாக ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும், ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை பூ அதிகம். கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா போய்த் தங்கி, பகலில் மட்டும் உள்ளே போய்வர வேண்டும். பிரம்ம கமலம் பார்க்க வேண்டுமென்றால் பள்ளத்தாக்கு போதாது, அடுத்த நாள் ஹேம்குண்ட் பாதையில் 4,000 மீட்டர் வரை ஏறுங்கள். மழைக்காலம் என்பதால் சாலையில் மண்சரிவு சாதாரணம். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விட்டு வையுங்கள்.